இன்னொருத்தி எங்கே?

வாணியம்பாடி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள சுதா,

இதை யார் எழுதியது என்று பார்க்க நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருப்பாய். கதைப் புத்தகத்தைக்கூட நீ அப்படித்தான் படிப்பாய். நிலோஃபர்தான். ஏற்காட்டில் ஏரிக்கரையில் கம்பளிக் கடை வைத்திருந்த அப்துல் ரஹீம் மகள். புனித கஸ்பார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

பள்ளியிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அறுபது வருஷம் பையன்கள் மட்டுமே படித்த பள்ளி 2000 ஜூனில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது அல்லவா, அதற்கு வெள்ளி விழாவாம். டிசம்பர் 6, சனிக்கிழமை. இப்போது அங்கே முந்நூற்று நாற்பது பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். முதல் வருஷம் எத்தனை பேர் என்று பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். இரண்டு. அந்த இரண்டு பேரையும் மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று இப்போதைய தலைமையாசிரியர் ஆசைப்படுகிறார். நம் பெஞ்சைக்கூடச் சாமான் அறையிலிருந்து எடுத்து வார்னிஷ் அடித்திருக்கிறார்களாம்.

உன் விலாசமும் போன் நம்பரும் பள்ளியில்தான் கொடுத்தார்கள். ஐந்து முறை அழைத்தேன். ஒரு ரிங் போனதும் நானே வைத்துவிட்டேன். பேச்சு வரவில்லை. நாம் பேசிக்கொண்டதைவிட எழுதிக்கொண்டதுதான் அதிகம், இல்லையா? வகுப்பில் வாயைத் திறந்தால் நாற்பத்தாறு பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதியே அந்த ஐந்தாறு மாசத்தைத் தள்ளினோம்.

நான் இங்கே பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வீட்டுக்காரர் முபாரக் ரியாத்தில். மகள் சுமையா கோயம்புத்தூரில் ஹாஸ்டல். வீட்டில் மூன்று அறை, காலையில் கட்டுவது ஒரே ஒரு டிபன் பாக்ஸ். அத்தா போய்ச் சேர்ந்த பிறகு கடையை எடுத்துவிட்டோம். அதன் பிறகு நான் மலையேறவே இல்லை.

விழாவுக்கு வருவாயா? நாம் இருவரும் வந்தால்தான் அந்த நிகழ்ச்சி என்கிறார்கள். அம்மா எப்படி இருக்கிறார்கள்? நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

நிலோஃபர்


செம்மநத்தம்
8 அக்டோபர் 2025

நிலோ,

ஆமாம், கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். போஸ்ட்மேன் சுப்பிரமணி கவரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏனுங்க்கா, உங்களுக்குங்கூட கடுதாசி போட ஆள் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆதார் கார்டு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு என் பேருக்கு எதுவும் வந்ததில்லை.

இருபத்தஞ்சு வருஷம். செம்மநத்தம் என்ன சீமையிலா இருக்கிறது? ஏற்காட்டிலிருந்து ஒரு பஸ். நீ காலேஜுக்குப் போகும் வரைக்கும் ஏரிக்கரையில்தானே இருந்தாய். ஒரு நாள் வந்திருக்கலாம். கேட்டுவிட்டேன், விடு.

அம்மாவைக் கேட்டிருந்தாய். அம்மா 2012 கார்த்திகையில் போய்விட்டார்கள். நான் கட்டிக்கொண்ட ஆறுமுகம் மாமா, அம்மாவின் தம்பிதான், அவரும் போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் அருண்குமார் திருப்பூரில். தீபாவளிக்கு வருவான், மூன்று நாள் தூங்குவான், போவான். நான் எஸ்டேட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் என் கதை.

இல்லை, அவ்வளவுதான் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத்தான் புரியும்.

நாம் பதினொன்றாவது படித்த வருஷம் கார்த்திகையில் காபிப் பழம் பறிப்பு ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பறிப்புக்கு வீட்டுக்கு ரெண்டு கை வராவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் மிரட்டினார். அப்பா இல்லாத வீடு. அம்மா ஒற்றை ஆள். "பொங்கல் கழிச்சு வந்துருவேன், ஃபாதர்கிட்ட சொல்லிரு நிலோ" என்று உன்னிடம் சொல்லித்தான் போனேன். நீயும் சொல்லியிருப்பாய். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால், ஃபாதர் சூசைமாணிக்கம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுகிறார். என் பேர் மேல் சிவப்புக் கோடு. "உனக்கு நிச்சயம் ஆயிட்டுதுன்னு உங்கம்மா சொல்லி அனுப்பினாங்களேம்மா, மறுபடி எதுக்கு வந்தே?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "நான் சொல்லலடி சாமி" என்றார்கள். விளக்கில் கை வைத்துச் சொன்னார்கள். "வா, ரெண்டு பேருமே போயி அந்தச் சாமியாரையே கேட்டுப்புடலாம்" என்று செருப்பைக்கூட மாட்டினார்கள். நான் போகவில்லை. நடிப்பு என்று நினைத்தேன். நான் வயசுக்கு வந்த நாளிலிருந்து தம்பிக்குத்தான் என்று பேசிக்கொண்டிருந்த வாய் அல்லவா? அடுத்த ஆவணியில் கல்யாணமும் ஆனது. அதற்கப்புறம் நான் அம்மாவோடு பேசவில்லை. ஒரே ஊட்டில் பதினொரு வருஷம். சோறு போட்டு வைப்பேன், சாப்பிடுவார்கள். கடைசி நாளிலும் பேசவில்லை.

பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குக் கோபமில்லை நிலோ. வருகிறேன். பறிப்பு நேரம்தான், ஒரு நாள் போகாவிட்டால் செடி ஒன்றும் கோவித்துக்கொள்ளாது. உன் பக்கத்தில் உட்கார்ந்து நொம்ப நாள் ஆகிவிட்டது.

சுதாராணி


வாணியம்பாடி
19 அக்டோபர் 2025

அன்புள்ள சுதா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தேர்வு, விடைத்தாள் என்று வேலை சரியாக இருந்தது. அம்மா இறந்தது தெரியாது. தெரியாமல் கேட்டுவிட்டேன்.

விழா காலை பத்து மணிக்கு. உனக்குச் சேலை எடுக்கட்டுமா? ஒரே நிறத்தில் கட்டினால் போட்டோவில் நன்றாக இருக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள்.

வேறு ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மலையில் குளிர் தொடங்கியிருக்கும்.

நிலோஃபர்


வாணியம்பாடி
26 அக்டோபர் 2025

சுதா,

போன கடிதத்தில் வேறு ஒன்றுமில்லை என்று எழுதினேன். பொய். சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்லவில்லை. உனக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று ஃபாதரிடம் சொன்னது நான்.

ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தியையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஃபாதர் போட்டிருந்த விதி உனக்கு நினைவிருக்கும். அத்தனை பையன்கள் நடுவே ஒற்றைப் பெண்ணை உட்கார வைக்க அவருக்குப் பயம். வகுப்புக்கு மட்டுமா? கன்னியர் மடத்துக் கழிவறைக்குப் போவதென்றாலும் இருவராகத்தான் போக வேண்டும், சாவியை இருவரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் தருவார்கள். முதலில் நாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நீ பறிப்புக்குப் போனபின் நான் தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மேடேறி ஆபீஸ் வாசலில் நிற்பேன். ஃபாதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "இன்னொருத்தி எங்கே?" "வரலைங்க ஃபாதர்." "அப்ப நீயும் ஊட்டுக்குப் போம்மா." திரும்பிக் கடைத்தெரு வழியாக இறங்கி வருவேன். நீ பொங்கலுக்குப் பிறகுதான் வருவாய் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதுவரைக்கும் வராதே என்று விடுவார்களோ என்று பயந்து, நாளைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்றே ஓட்டினேன். பத்தொன்பது நாள்.

அத்தாவைக் கடைத்தெருவில் எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "புள்ளைய தெனமும் தொரத்தி உடறாங்களாமே, என்னங்க பாய் சங்கதி?" அத்தாவுக்கு அவமானமாகிவிட்டது. "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல ஊட்டுலயே இரு கண்ணு, படிச்சது போதும்" என்றார். அரையாண்டுத் தேர்வு வேறு வந்தது. வியாழக்கிழமை காலை ஃபாதர் அதே கேள்வியைக் கேட்டார். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொருத்தி வரவே மாட்டாள் என்றால் அந்த விதிக்கு வேலையில்லை; நடு வருஷத்தில் என்னையும் மொத்தமாக நிறுத்த ஃபாதருக்கு மனசு வரவில்லை. என்னை ஆசிரியர் மேஜைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். சாவி கேட்கப் போக ஆள் இல்லை. காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருஷம் பதினொரு பெண்கள் சேரும் வரை அப்படித்தான்.

நீ திரும்பி வந்ததும் நிச்சயம் நின்றுபோனது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பதினாறு வயது மூளை. நீ வந்த அன்று நான் வகுப்பில்தான் இருந்தேன். ஆபீஸில் உன் குரல் கேட்டது. நீ அழுதது கேட்டது. கரும்பலகையில் சமன்பாடு எழுதியிருந்தார்கள். நான் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தேன். எழுந்து வரவில்லை. சொன்ன பொய்யைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

செம்மநத்தத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாயே. இதனால்தான்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

நிலோஃபர்


செம்மநத்தம்
9 நவம்பர் 2025

நிலோஃபருக்கு,

படித்தேன். மூன்று நாள் பறிப்புக்குப் போகவில்லை. ஜுரமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீ என்னவெல்லாமோ எழுதியிருக்கிறாய், கடைத்தெரு, தண்ணீர், கரும்பலகை. சொன்ன வார்த்தையை மட்டும் எழுதவில்லை. அம்மா சொல்லி அனுப்பினார்கள் என்று நீ சொன்னாயா, இல்லை ஃபாதராக அப்படி நினைத்துக்கொண்டாரா? சுற்றி வளைக்காமல் எழுது.

விழாவுக்கு நான் வரவில்லை. சேலை எடுக்க வேண்டாம்.

சுதாராணி


வாணியம்பாடி
15 நவம்பர் 2025

சுதா,

2000 டிசம்பர் 14. நான் சொன்னது இது: "அவ இனிமே வரமாட்டாளுங்க ஃபாதர். அவளுக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க." ஃபாதர், "யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். "அவங்கம்மா சொல்லி அனுப்பினாங்க" என்றேன்.

அம்மா பேரை நான்தான் சொன்னேன். அப்போதுதான் நம்புவார் என்று சொன்னேன்.

நிலோஃபர்


சேலம்
7 டிசம்பர் 2025

சுதா,

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன். நேற்று விழாவுக்குப் போனேன். ஊருக்குத் திரும்பத் தெம்பில்லாமல் தம்பி ஆசிக் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

பாதி வழியில் இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தோன்றியது. மேலே நல்ல மூடுபனி. மைதானத்தில் பந்தல், பேண்டு வாத்தியம் முழுக்கப் பெண் பிள்ளைகள். பெஞ்சு மேடை நடுவில் இருந்தது. வார்னிஷ் அடித்ததில் நாம் காம்பஸால் கிறுக்கியதெல்லாம் மறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் பேர் எழுதி ஒட்டியிருந்தார்கள். நீ வரமாட்டாய் என்று சொல்லியும் உன் பேரை எடுக்கவில்லை. நான் என் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது எவ்வளவு நீளமான பெஞ்சு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஃபாதர் சூசைமாணிக்கத்தைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். வயது எண்பத்து நாலு. அவருக்குப் பல பேரை அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அதே பார்வை. கேட்டார், "இன்னொருத்தி எங்கே?"

வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று ஒரு நொடி நிஜமாகவே பயந்தேன் சுதா. நாற்பத்தொரு வயதில்.

பள்ளி எனக்கு என்ன தந்தது என்று ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவே இல்லை. மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேர், அம்மா ராஜேஸ்வரி பேர், நான் சொன்ன வார்த்தை, தேதி. அந்த அம்மா அப்படி ஒரு சொல் சொல்லி அனுப்பவே இல்லை, இது என் பொய், இந்தப் பொய்யால்தான் நான் படித்தேன் என்று சொன்னேன். முடித்ததும் சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, மைக்கில் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் யாரும் தட்டவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக அடுத்து நடனம் என்று அறிவித்தார்.

இறங்கி வந்தபோது ஃபாதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரூலு நான் போட்டதும்மா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று காட்ட இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவள் இல்லாத இடத்தில் சொல்லி என்ன. மனசு மட்டும் கேட்கவில்லை.

நிலோஃபர்


செம்மநத்தம்
14 டிசம்பர் 2025

நிலோ,

கேட்டேன்.

விழா அன்று முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டேன். வரக்கூடாது என்றுதான் இருந்தேன். முந்தின நாள் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது, நான் போகாவிட்டால் அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. என்ன புத்தி பார். அப்படியெல்லாம் அனுப்பமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் காலையில் கால் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போயிற்று. உன் மேல் இருந்த கோபமும் கூடவேதான் வந்தது, அது எங்கும் போய்விடவில்லை.

பெற்றோர்கள் நிற்கிற இடத்தில், கடைசியில், சைக்கிள் ஷெட் ஓரமாக நின்றேன். கையெல்லாம் காபிக் கறை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "எந்தக் கிளாஸுங்க உங்க புள்ள?" என்று கேட்டார்கள். "பதினொன்னாவதுங்க" என்று சொன்னேன்.

நீ பேசியது எல்லாம் காதில் விழுந்தது. அம்மா பேரை மைக்கில் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பேரை யாரும் சத்தமாகச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் சொன்னதே இல்லை.

நீ கிளம்பிப் போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாய். நாலு அடி தூரம். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாய். கூப்பிட வாய் வந்தது, கூப்பிடவில்லை. நீ அன்றைக்குக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய் அல்லவா, நான் சைக்கிள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழி தீர்க்க இல்லை. முடியவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனதும் மேடைக்குப் போய், பெஞ்சில் என் பேர் ஒட்டியிருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் பெண்களுக்குக் கட்டியிருக்கிற கழிவறைக்குப் போனேன். எட்டுக் கதவு. ஒன்றுக்கும் சாவி இல்லை. தனியாகப் போய்த் தனியாக வந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். ஏதோ உனக்கும் சேர்த்துக் குடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

உன்னை மன்னிக்கிறதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பொய் சொன்னாய், சரி. நம்பியது யார்? விளக்கில் கை வைத்துச் சொன்னவர்களை விட்டுவிட்டு, ஒரு சிவப்புக் கோட்டை நம்பியது நான்தானே. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கூடப் போயிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். அதற்கு உன்னைக் கேட்க முடியாது.

இனிமேல் எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது. அந்த மைக்கில் சொன்னதை அப்படியே எழுது, அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கவர் மேல் ராஜேஸ்வரி என்று போடு. விலாசம் இதேதான். சுப்பிரமணி பழைய ஆள், அம்மாவைத் தெரியும். என்னமோ ஏதோ என்று முழிப்பார், ஆனால் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நான் பிரித்து, அம்மா படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் படிக்கிறேன்.

எப்படியாவது இந்த ஊட்டில் அம்மாவிடம் நான் ஒரு தடவை வாயைத் திறக்க வேண்டும். தானாக எனக்குப் பேச்சு வராது நிலோ. நீ எழுதிக் கொடு.

சுதா